விழித்திருந்தே பெற்றேன்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் நலம். இதை அத்தை போனில் சொல்லியிருப்பார். கப்பலில் சிக்னல் விட்டு விட்டு வந்ததால் நீங்கள் சிரித்தீர்களா அழுதீர்களா என்றே தெரியவில்லை என்றார். மீதியை நான்தான் சொல்ல வேண்டும். போனில் என்றால் குறுக்கே பேசுவீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். அடுத்த துறைமுகத்தில் கிடைக்கும். உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் பேச்சை நான் கேட்கவில்லை.

"அவளை முழுசா மயக்கிடச் சொல்லும்மா, அவளுக்கு ஒண்ணும் தெரிய வேணாம்" என்று நீங்கள் சொன்னதை அத்தை அப்படியே டாக்டரிடம் ஒப்பித்தார். இத்தனை பெரிய வயிற்றோடு நானும் அதே அறையில்தான் இருந்தேன். "ஆபரேஷன் எனக்கா, உங்க பிள்ளைக்கா அத்தை?" என்று கேட்டுவிட்டேன். முழித்திருந்தே பெறுகிறேன், இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக முதுகில் ஊசி போடுங்கள் என்றேன். அப்படிப் போட்டால் ஆயுசுக்கும் இடுப்பு வலி என்று அத்தை வீடு வரும்வரை புலம்பினார். "ஊசியே போடாத உங்க இடுப்புக்கு நான் ஏன் தினமும் தைலம் தேய்க்கிறேன்?" என்றேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் நான். கண்ணை மூடிக்கொண்டு எங்கே போய்ப் பழக்கம் எனக்கு?

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மாவிடம் தனியாகப் பேசினேன். முழு மயக்கம் ஒன்றும் கெட்டதில்லை என்றார். "போன பிரசவத்துல ஒரு நிமிஷம் கூட நேரமில்லம்மா, முழு மயக்கம்தான் உங்க உயிரைக் காப்பாத்துச்சு. இந்தத் தடவை நேரம் இருக்கு. முதுகு ஊசியே நல்லது. அது சரியா வேலை செய்யலன்னா மயக்கித்தான் ஆகணும், ஒத்துக்கறீங்களா?" என்று கேட்டார். ஒத்துக்கொண்டேன். ஆனால் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் மயக்க வேண்டும் என்றேன். சரி என்று கையைப் பிடித்தார்.

நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். போன முறை நான் தெளிந்து எழுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நம் மகன் பிறந்ததும் போனதும் எனக்குக் காதில் விழுந்த சேதிதான். மறுபடி அப்படி ஆனால் நான் பார்க்கக் கூடாது என்று பயந்தீர்கள். அதனால்தான் உங்கள் மேல் கோபம் பாதியோடு நிற்கிறது. ஆனால் பார்க்காதவளுக்கு வலி குறைவு என்று உங்களுக்கு யார் சொன்னது?

தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்காரச் சொன்னார்கள். ஊசி சுருக்கென்றது, அவ்வளவுதான். காலில் வெதுவெதுப்பு இறங்கியது. பிறகு என் கால்கள் யாருடையவோ ஆகிவிட்டன. நடுவில் பிரஷர் இறங்கிக் குமட்டியது, உடம்பு நடுங்கியது. நிறைந்த பைக்குள் யாரோ கையை விட்டுத் துழாவுவது போல இருந்தது. வலி இல்லை. இதெல்லாம் சுகம் என்று பொய் சொல்ல மாட்டேன்.

குழந்தையை எடுத்தார்கள். சத்தமே இல்லை.

"ஏன் அழல?" என்று கத்தினேன். டாக்டரம்மா என் காதருகில் குனிந்து, "மூச்சு விட வைக்கிறாங்கம்மா. எதையும் மறைக்க மாட்டேன்" என்றார். நீ போவதானாலும் இந்த முறை நான் இங்கேதான் இருக்கிறேன், அம்மா முழித்திருக்கிறேன் என்று என் நெஞ்சுக்கு மேல் கட்டியிருந்த திரைக்கு அந்தப் பக்கம் பார்த்துக் குழந்தையிடம் சொன்னேன். வாய்விட்டுத்தான் சொன்னேன், எல்லோரும் கேட்டார்கள். அப்புறம் அழுதாள் பாருங்கள், அறையே கிடுகிடுத்தது. ஈரத்தோடு என் கன்னத்தில் வைத்தார்கள்.

அத்தைக்கு இப்போது என் மேல் வருத்தமில்லை. வருகிறவர்களிடமெல்லாம், "என் மருமக பிள்ளை பொறந்ததைக் கண்ணால பார்த்தவ" என்று ஏதோ தானே ஊசி போட்டது போலப் பேசுகிறார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மூத்தவனைக் கையில் வாங்கியவர் நீங்கள் ஒருவர்தான். நான் தாங்க மாட்டேன் என்று இதுவரை அவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்களும் தனியாகச் சுமந்தது போதும். பத்திரமாக வந்து சேருங்கள். மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவேன். அவன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சொன்ன பேச்சைக் கேட்காத,
உங்கள் மனைவி