எல்லோரும் அர்ஷத்

16 ஜூன் 1997, திங்கள்

வகுப்பில் என் பக்கத்து இடத்தில் இப்போது என் பைதான் உட்காருகிறது. அதற்கும் பாடம் ஏறுவதில்லை.

அர்ஷத் மே மாதம் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அவன் நினைவாக ஜூலை ஐந்தாம் தேதி மைதானத்தில் புங்கங்கன்று நடுகிறோம் என்று ரங்கநாயகி மிஸ் இன்று சொன்னார். பேச்சு வேண்டாமாம், வகுப்பே சேர்ந்து கையால் ஏதாவது செய்ய வேண்டுமாம். ஒரு குழுவுக்குக் கல்லில் வண்ணம் தீட்டுகிற வேலை, இன்னொன்றுக்குக் காகிதப் பூ. மூன்றாவது குழுவுக்கு நான் தலைவன்.

"தலையே இல்லாதவன் தலைவனாடா?" - என் குழுவில் இருக்கிற மானசா.

18 ஜூன்

முகமூடி! கன்றைச் சுற்றி வகுப்பே அர்ஷத் முகத்தோடு நின்றால்? உயிரோடு இருந்திருந்தால் இதை அவனே சொல்லியிருப்பான். ஒருவனுக்கு ஒருவன் ஆஜர் சொல்லி மாட்டியவர்கள்தானே நாங்கள்.

மிஸ் யோசித்தார். "இது விளையாட்டில்லையே, கண்ணு?"

"இல்லீங்க மிஸ்."

உண்மையாகத்தான் சொன்னேன்.

22 ஜூன், ஞாயிறு

களிமண்ணில் அவன் முகம் செய்தேன். மூக்கு விழுந்துகொண்டே இருந்தது. அதன்மேல் எண்ணெய் தடவி, செய்தித்தாள் துண்டுகளை மைதா பசையில் ஒட்டி, காய்ந்ததும் கழற்ற வேண்டும். மிஸ்ஸுக்கு இது குழு வேலை, எனக்குக் கூழ் வேலை.

முகமூடிகளில் அவனுடைய உடைந்த முன்பல்லை மட்டும் குழுவில் யாருமே தப்பாக வரையவில்லை.

"பசை வாசத்துல கண்ணெல்லாம் எரியுது" என்றாள் மானசா. எனக்கும்தான். மைதாவில் எரிவதற்கு என்ன இருக்கிறது?

29 ஜூன்

துடியலூரில் அர்ஷத் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மாவை, ஆமினாம்மாவை, எப்படியாவது ஒரு தடவை சிரிக்க வைக்க வேண்டும்.

"நான் எங்கேயும் போறதில்ல கண்ணு. சின்னவளை வேற யாருகிட்ட உட்டுட்டு வர்றது?" குரலைத் தாழ்த்தினார். "சஃபியாகிட்ட இன்னும் சொல்லல. அண்ணன் கருமத்தம்பட்டி மாமா ஊட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லி வெச்சிருக்கோம். நாலு வயசு. மெதுவாத்தான் சொல்லோணும்."

"அவளையும் கூட்டிட்டு வாங்கம்மா. ஒரு விசயம் வெச்சிருக்கோம். பார்த்தா நீங்களே சிரிச்சுப்போடுவீங்க."

"என்ன விசயம்?"

"இப்பச் சொன்னா சப்புன்னு போயிருமுங்க."

வருகிறேன் என்றார். ஜெயிச்சுட்டேன்!

5 ஜூலை, சனி

எழுத வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

கன்றுக்கான குழியைச் சுற்றி வரிசையாக நின்றோம்; அவர்கள் வந்ததும் முகமூடியோடு எல்லோரும் திரும்பினோம். ஆமினாம்மா பள்ளி கேட் பக்கத்திலேயே நின்றுவிட்டார். சஃபியா அவர் கையை உதறிவிட்டு ஓடி வந்தாள்.

"அண்ணா! மாமா ஊட்டுல இருந்து வந்துட்டியா?"

முதலில் நின்றவனின் முகமூடியைத் தூக்கிப் பார்த்தாள். அவன் இல்லை. அடுத்தவனுடையதைத் தூக்கினாள். ஒளிந்து விளையாடுகிறான் என்று நினைத்திருக்கிறாள், சிரித்துக்கொண்டே வந்தாள். பாதி வரிசைக்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எவனாவது கழற்றித் தொலைத்திருக்கலாம். ஒருவரும் அசையவில்லை. நானும்தான் - ஏன் அப்படி நின்னேன்?

கடைசி ஆள் நான். தூக்கினாள்.

"நீயா? அண்ணன் எங்கே?"

முகமூடியைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

ஆமினாம்மா வந்து அவளைத் தூக்கிக்கொண்டார். என்னைப் பார்க்கவே இல்லை. கன்று நட்டார்கள் போலிருக்கிறது.

6 ஜூலை

சப்புன்னு போயிருந்தா என்னடா? போகட்டுமே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

9 ஜூலை

சஃபியாவிடம் அன்றைக்கே உண்மையைச் சொல்ல வேண்டியதாகிவிட்டதாம். மிஸ் சொன்னார். அந்த அம்மா மெதுவாகச் சொல்ல நினைத்திருந்தார். அந்த 'மெதுவா'வை நான் பிடுங்கிக்கொண்டேன்.

"நாங்களும்தாண்டா போட்டுட்டு நின்னோம்" என்றாள் மானசா. நல்லவள். ஆனால் அவள் போய்க் கூப்பிடவில்லையே.

13 ஜூலை

அவர்கள் தெருமுனை வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

20 ஜூலை, ஞாயிறு

இன்று கதவைத் தட்டினேன். சஃபியா திறந்தாள். உற்றுப் பார்த்தாள். "குனி" என்றாள்.

குனிந்தேன். காதோரம் விரலை விட்டு, நகம் பதிய இழுத்தாள். அப்புறம் மறுபக்கம். வலித்தது. அசையாமல் இருந்தேன்.

உள்ளிருந்து ஆமினாம்மா கேட்டார்: "யாரு சஃபியா வந்திருக்கறது?"

"கிஷன் அண்ணன்தாம்மா. மூஞ்சி கழண்டு வரல."

ஆமினாம்மா வெளியே வரவில்லை. போய்விடலாம் என்று செருப்பில் காலை நுழைத்தேன்.

"வெயில்ல நிக்க வேண்டாம்னு சொல்லு" என்றார்.