வேணிக்குத் தெரியாத ஊசி

காட்டூர், திருச்சி
ஜூலை 5

அன்பு மகள் கேத்தரினுக்கு,

நீயும் மாப்பிள்ளை டோனியும் சுகமாக இருப்பது போனிலேயே தெரிந்தாலும் எழுதிக் கேட்டால்தான் கேட்டதாக எனக்குத் தோன்றுகிறது. மாதா கிருபையில் இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது, அப்பா நடக்கப் போகிறேன் என்று சொல்லிக் காலையில் ஸ்கூட்டரில் அம்மாமண்டபம் வரை போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு வருகிறார், நடப்பது மட்டும் இல்லை.

போனில் சொல்ல வராத ஒன்றை எழுதுகிறேன். உன் ஒற்றைத் தலைவலிக்கு ஊசி போடலாம் என்று அங்கே டாக்டர் சொன்னதாக ஜனவரியில் நீ கேட்டபோது, முகச் சுருக்கத்துக்குப் போடுகிற விஷத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதே என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். நீயும் தள்ளிப்போட்டாய். அடுத்த மாதமே அதே ஊசியை நான் போட்டுக்கொண்டேன். பலித்தால் சொல்லலாம், இல்லாவிட்டால் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அப்பாவிடமும் சத்தியம் வாங்கியிருந்தேன். அது தப்பு. முப்பதாம் தேதி நீ மறுபடி டாக்டரைப் பார்க்கப் போவதால் இனியும் மறைக்க முடியாது.

எனக்கும் அப்போது மாதத்தில் பதினெட்டு நாள் இதே தலைவலி. அடிக்கடி மாத்திரை போட்டு, அந்த மாத்திரையாலேயே வலி கூடுகிறது என்கிற நிலைக்கு வந்துவிட்டேன். இரண்டு முறை வகுப்பைப் பாதியில் விட்டு வெளியே வந்தேன். அதைப் பார்த்த எங்கள் துறை ரங்கநாயகி மிஸ்தான் தில்லைநகரில் ஒரு நரம்பு டாக்டரிடம் அழைத்துப்போனார். நெற்றி, நெற்றிப்பொட்டு, பின்மண்டை, கழுத்து, தோள் என்று முப்பத்தொரு இடத்தில் குத்தினார்கள், எண்ணினேன். எறும்புக்கடி அளவுதான். இது குணமாக்காது, வலி வரும் நாட்களைக் குறைக்கலாம், சிலருக்கு ஒன்றுமே ஆகாது, பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டு இரண்டு மூன்று முறைக்குப் பிறகே முடிவு சொல்ல முடியும் என்றார் டாக்டர். முதல் தடவை கழுத்து பத்து நாள் பிடித்துக்கொண்டது. இடது கண்ணிமை தொங்கி மூன்று வாரம் அப்படியே இருந்தது. "இருபத்தேழு வருஷத்துல இப்பதான் என்னைப் பார்த்து கண்ணடிக்கிறே" என்றார் உன் அப்பா. எனக்குச் சிரிப்பு வரவில்லை, விட்டுவிடலாம் என்றே இருந்தேன். மே மாதம் அரை மனதோடுதான் இரண்டாவது முறை போனேன்.

ஜூனில் வலி ஏழு நாள்தான். ஆனால் நம்பவில்லை. ஊசி போட்டுக்கொண்டவளே எண்ணினால் எண்ணிக்கையில் ஆசையும் சேர்ந்துவிடும், புள்ளியியல் வகுப்பில் வருடா வருடம் நான் சொல்வதே அதுதான். நம் வீட்டில் சமைக்கும் வேணிக்கு ஊசி விஷயம் எதுவும் தெரியாது, கண்ணில் பூச்சி கடித்தது என்று சொல்லிவைத்திருந்தேன். என் அறைக் கதவு சாத்தியிருந்தால் அன்றைக்குத் தாளிக்கக் கூடாது, வாசனைக்கே எனக்குக் குமட்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். போன வாரம் கடுகு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "முன்னெல்லாம் ஒரு பாக்கெட் கடுகு ரெண்டு மாசம் வரும், இப்ப ஒரே மாசத்துல போயிடுதும்மா. நான் வீட்டுக்கு ஒண்ணும் எடுத்துட்டுப் போகலைங்க" என்றாள், முகம் வாடிப்போய். அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு முன்னால் அவளிடம் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அவள் தாளித்த நாட்கள் கூடியதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் அன்று மனசு லேசானது. போன ஞாயிறு மாதா கோயில் பூசையில் சாம்பிராணிப் புகைக்குப் பயந்து வாசலோரம் நிற்காமல் அப்பாவோடு முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

ஆகஸ்டில் மூன்றாவது முறை போட்டுக்கொள்வேன். உனக்கு எப்படி என்பது வேறு. குழந்தை பற்றி யோசிப்பதாகச் சொன்னாய், அந்தச் சமயத்தில் இந்த ஊசி வேண்டாம் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள், அதனால் டாக்டரிடம் வெட்கப்படாமல் முதலில் அதைச் சொல். போட்டுக்கொண்டால், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அது அபூர்வம்தான், மாப்பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும். போட்டுக்கொள் என்று நான் வற்புறுத்தவில்லை. ஜனவரியில் தெரியாமல் சொன்ன வார்த்தையை மட்டும் மனதிலிருந்து எடுத்துவிட்டு யோசி.

மாத்திரைப் பட்டியலை மறக்காமல் எடுத்துப் போ. ஆண்டவர் உங்கள் இருவருக்கும் துணையிருப்பார். என்ன முடிவெடுத்தாலும் அன்றைக்கே சொல்லிவிடு, உன் அம்மாவைப் போல ஐந்து மாதம் கழித்துச் சொல்லாதே.

ஆசியுடன்,
அம்மா
லிசி ஸ்டீபன்ராஜ்