உடைந்த ஹாரனின் மூலை

மாப்பிள்ளை, நீங்கள் மறைந்த பிறகு உங்கள் பட்டறைச் சாமான்களை நேற்று ஒழித்துக்கொண்டிருந்த என் தங்கை, கிரீஸ் துணியில் சுற்றிய இரண்டு எஃகுத் துண்டுகளை என் கையில் வைத்தாள். அவர் தப்பாகக் கடைந்து உடைந்ததாம், வீசவே விடமாட்டாராம் என்றாள். துணியைப் பிரித்ததும் எண்ணெய் வாடை வந்தது; பார்த்த உடனே அது எந்த ஹாரன் என்று தெரிந்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம். பீங்கானில் துளை போட மீயொலி இயந்திரம் செய்யக் கிளம்பியிருந்தேன். நாமக்கல்லில் ஹாரன் என்றால் லாரியில் அலறுவதுதான். நம்முடையது காதுக்கு எட்டாத அதிர்வை வாங்கிப் பெருக்கி, நுனியில் இருக்கும் கருவிக்குக் கொடுக்கும் தண்டு. மேல்பாதி தடிமன், கீழ்ப்பாதி ஒல்லி. கணக்கு என்னுடையது, கடைசல் உங்களுடையது. பழைய லாரி ஆக்ஸிலை வெட்டித்தான் லேத்தில் கடைந்தீர்கள்.

முதல் ஹாரனில், தடிமனும் ஒல்லியும் சேரும் மூலையை வளைவாக விட்டிருந்தீர்கள். என் படத்தில் அது கத்தி வெட்டியதுபோல் நேர்மூலை. வளைவு விட்டால் நுனியில் அதிர்வு குறையும், நீளக் கணக்கும் மாறும் என்று சண்டைக்கு வந்தேன். படித்த திமிர், வேறென்ன.

"ஆக்ஸில் ஒடையறதெல்லாம் அந்த மூலையிலதானுங்க மச்சான்" என்றீர்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுபேச்சில்லாமல் இன்னொன்றைப் படத்தில் உள்ளபடியே கடைந்து கொடுத்தீர்கள்.

சேலத்திலிருந்து பீங்கான் ஆலைக்காரர் பார்க்க வந்தார். பாதித் துளைகூட விழவில்லை. ஹாரன் அதே மூலையில் துண்டாயிற்று. கடைந்தது யார் என்று கேட்டார். படம் என்னுடையது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ற கை பெசகிப்போச்சுங்க. இன்னொண்ணு வெச்சிருக்கறனுங்க, சித்த இருங்க" என்றீர்கள்.

வளைவு விட்ட பழைய ஹாரனை எடுத்துவந்து, நுனியை மயிரிழை மயிரிழையாகச் சீவி, மாட்டி மாட்டிப் பார்த்தீர்கள். அதிர்வைக் காட்டும் மீட்டரின் முள் ஏறி நின்றது. சாயங்காலத்துக்குள் சுத்தமான துளை. இயந்திரத்தை எடுத்துக்கொண்டவர், கடைசலுக்கு மட்டும் வேறு நல்ல ஆளாகப் பாருங்கள் என்று என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு உங்களோடு எத்தனை பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன்! நீங்கள் ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. வீட்டில்கூட அந்தப் பொய்யையே காப்பாற்றி வந்திருக்கிறீர்கள் என்பது நேற்றுத்தான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது மாப்பிள்ளை.

தங்கையை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு துண்டுகளையும் சேர்த்துவைத்து, உடைந்த மூலையைக் காட்டினேன். அவள் வெகுநேரம் அதை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவரு கை பெசகலீங்களாண்ணா?"

"இல்ல சாமி. பெசகுனது நானு."

ஒல்லித் துண்டை அவள் வைத்துக்கொண்டாள். தடிமனான துண்டு, அந்த மூலையோடு, இப்போது என் மேசையில் இருக்கிறது.