பெட்டை என்று எழுதிவிட்டேன்

கருணாபுரம், கள்ளக்குறிச்சி
ஆடி 20, 1994

என் சின்னிக் குட்டிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீ மண்ணுக்குள் போய் எழுபத்திரண்டு நாள் ஆகிறது. நான் மூன்றாவதோடு நின்றவள், எழுத்துப் பிழை இருந்தால் எப்போதும்போல் சிரிக்காதேடி. தபாலில் போட விலாசம் இல்லை. உன் பள்ளிக்கூடப் பையிலேயே வைக்கிறேன்.

உனக்காக நேர்ந்துவிட்ட கிடாவை நேற்று மலையடிவாரத்துக் கோயிலில் வெட்டினோம். நீ பிழைத்தால் என்றுதான் நேர்ந்தேன். நீ பிழைக்கவில்லை. ஆனாலும் நேர்ந்ததை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று உன் அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பூசாரி சடையன் மூன்று தரம் தண்ணீர் தெளித்தார். கிடா உடம்பைச் சிலுப்பினால்தானே சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். அது அசையவே இல்லை. "இன்னாம்மா, மனசுல கொற வெச்சிகினு வந்தியா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தோன்றியதோ, அதன் காதில் உன் பேரைச் சொன்னேன். கிடுகிடுவென்று நடுங்கியது. கடைசி நாள் நீ "குளுருதும்மா, இன்னொரு போர்வ போத்து" என்று நடுங்கினாயே, அதே மாதிரி.

மெட்ராஸ் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து தனசேகரன் என்று ஒருவர் அங்கே காத்திருந்தார். மலையில் ஆடுகள் கழிந்து கழிந்து சாகிறதல்லவா, அதற்குத் தடுப்பு மருந்து செய்ய, வெட்டிய சூட்டோடு ஒரு குண்டிக்காய் வேண்டுமாம். கோயில் கறியை அங்கேயே தின்று தீர்க்க வேண்டும், எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. எனக்குத் தெரியாததில்லை.

"இத எடுத்துக்கினு போயி இன்னா பண்ணுவீங்க?" என்றேன்.

"உயிரோட வெச்சிருப்போம்மா" என்றார்.

ஏதாவது ஒன்றாவது பிழைக்கட்டும் என்று முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அவர் புட்டியில் போட்டு மூடிக் கல்லைத் தாண்டிப் போகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன் அம்மா
செல்லியம்மாள்


சென்னை
12.9.1995

மதிப்பிற்குரிய செல்லியம்மாள் அம்மாவுக்கு,

வணக்கம். நீங்கள் தந்த சிறுநீரகத்தைப் பொடியாக நறுக்கி, தனித்தனி உயிரணுக்களாகப் பிரித்து, ஆட்டின் உடம்புச் சூட்டிலேயே கண்ணாடிப் புட்டியில் வளர்த்தோம். அணுக்கள் அடியில் ஒட்டிப் பரவின. புட்டி நிறைந்ததும் இரண்டாகப் பிரித்தோம். முன்பு நாங்கள் வளர்த்ததெல்லாம் பத்துப் பன்னிரண்டு தடவையோடு ஓய்ந்துபோனது. உங்களுடையது அறுபது தடவை பிரித்தும் நிற்காமல் பெருகுகிறது. பூதக்கண்ணாடி வழியே எடுத்த படம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஒரு சிக்கல். இது எந்த மிருகத்தினுடையது, ஆணா பெண்ணா என்று உறுதிசெய்ய வேண்டும். குரோமோசோம்களை எண்ணினோம். அறுபது. ஆட்டுக்கு அறுபதுதான். ஆனால் கிடா என்றால் அதில் இருக்க வேண்டிய குட்டையான ஒன்று இல்லை. ஐம்பது அணுக்களைப் பார்த்தோம், ஐம்பதும் பெண். அப்போது எங்களிடம் பெட்டை ஆட்டின் அணு எதுவுமே இல்லை.

என் குறிப்பேட்டில் கிடா என்று இருக்கிறது. நான்தான் தவறாக எழுதினேனா? பெட்டை என்று நீங்கள் எழுதித் தந்தால் வைத்துக்கொள்வோம். கிடா என்றால், ஏதோ கலந்துவிட்டது என்று எல்லாப் புட்டிகளையும் கொதிநீராவியில் வைத்து அழிக்கச் சொல்கிறார் மேலதிகாரி.

இப்படிக்கு
தனசேகரன்


கருணாபுரம்
புரட்டாசி 4

தனசேகரன் ஐயாவுக்கு,

பெட்டைதான். நீங்கள் தப்பாக எழுதிவிட்டீர்கள்.

செல்லியம்மாள்


கருணாபுரம்
ஐப்பசி 11

என் சின்னி,

உன் அப்பாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "கெடான்னு ஊருக்கே தெரியும். இன்னாத்துக்குடி பொய் எழுதின?" என்று கத்தினார்.

"கெடான்னு எழுதினா கொதிக்க வெச்சிடுவாங்க" என்றேன்.

படத்தைக் கேட்டு வாங்கினார். தண்ணீர் வற்றி வெடித்த ஏரி மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும், வேறொன்றும் தெரியாது. விளக்கு வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல நம்ம புள்ள எதுடி?" என்றார்.

"எல்லாந்தான்" என்றேன்.

பூசாரியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, ஒரு எட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார். "கல்லத் தாண்டினது உசுரோட இருக்கற வரைக்கும் பலி முடியலம்மா" என்றார். எனக்கு பயம் வரவில்லை. பலி முடியவில்லை என்றால் சாமி இன்னும் உன்னை முழுசாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதானே அர்த்தம். அன்று சோறு தின்றேன்.

நேற்றுத் தனசேகரன் ஐயாவிடமிருந்து கார்டு வந்தது. நன்றி சொல்லியிருக்கிறார். புட்டிகள் நன்றாக இருக்கிறதாம். இனி என்ன ஆனாலும் அழியாமல் இருக்க, பாதியை எடுத்து ஐஸைவிடப் பல மடங்கு குளிரான பீப்பாயில் உறைய வைத்துவிட்டார்களாம். எத்தனை வருஷம் ஆனாலும் அப்படியே கிடக்குமாம், சாகாதாம்.

இதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. உன் போர்வை இரண்டையும் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். யாரிடம் கொடுத்தனுப்புவது என்று தெரியவில்லை.

சின்னி, குளுருதாடி?