வாத்தியாரம்மா பேசவில்லை

அன்பு மகள் பெரியவளுக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. எல்லோரும் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்துவிட்டேன். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் தங்கை காதில் விழுந்துவிடும். இந்த வீட்டுச் சுவர்கள் அவள் காதுக்கு ஒரு பொருட்டே இல்லை.

போன தடவை வந்தபோது, பார்வை மங்கிப்போன அவளுக்காகக் கம்ப்யூட்டரில் பாடம் வாசிக்கும் குரல் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாயே, அதற்கு நாங்கள் வாத்தியாரம்மா என்று பேர் வைத்திருந்தோம். பேராசிரியர் அனுப்பும் பக்கத்தில் படம் வந்தால் "படம், படம்" என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ளும். சின்னவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். வேகத்தை ஏற்றி வைத்துத்தான் கேட்பாள். "மிக்சி ஓடுற மாதிரி இருக்கு, இதுல என்னடி புரியுது?" என்பாள் அம்மா. "உனக்கு மிக்சி, எனக்குப் பொருளாதாரம்" என்பாள் இவள்.

போன வாரம் வீட்டிலிருந்தே பரீட்சை. அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும் என்றார்கள். வாசிக்கும் குரல் வேண்டுமே என்று முன்கூட்டியே காலேஜில் கேட்டேன். "அதெல்லாம் வேலை செய்யும் சார்" என்றார்கள். நம்பினேன். பரீட்சை தொடங்கியதும், அதற்கென்று காலேஜ் கொடுத்த புரோகிராம் கம்ப்யூட்டரில் மற்ற எல்லாவற்றையும் தானாக மூடிவிட்டது. வாத்தியாரம்மாவையும் சேர்த்து.

"அப்பா, சத்தமே வரலப்பா" என்று உள்ளிருந்து கூப்பிட்டாள். கதவைத் தள்ளப் போனேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கேமராவுல விழுந்தா காப்பி அடிச்சதா போட்டுருவாங்க. அவ படிப்பே போயிடும்."

லிஃப்ட் மெக்கானிக் வேலையில் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டிலிருந்து எத்தனை பேரை வெளியே எடுத்திருக்கிறேன். "பயப்படாதீங்க, நான் வெளியதான் நிக்கிறேன்" என்பேன். அங்கே என் கையில் சாவி இருக்கும். இங்கே கதவு பூட்டியிருக்கவே இல்லை. அப்படியே நின்றேன்.

காலேஜுக்குப் போன் போட்டால், ஒன்றை அழுத்துங்கள், இரண்டை அழுத்துங்கள் என்று ஒரு குரல் தேன் ஒழுகப் பேசியது. கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. "எனக்குப் புரியுது சார். ஆனா சிஸ்டத்துல நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள்.

உள்ளே சின்னவள் மூக்கு திரையில் இடிக்கக் குனிந்து, மங்கலாகத் தெரிந்த கட்டங்களில் குத்துமதிப்பாகத் தட்டியிருக்கிறாள். வெளியே வந்து "முடிஞ்சுது" என்றாள். அவ்வளவுதான். ஃபெயில் என்று வந்துவிட்டது. அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு அந்தப் பாடம். மறுபரீட்சை கேட்டு எழுதினேன். உங்கள் கோரிக்கை பெறப்பட்டது என்று ஒரு வரி வந்தது. கீழே பெயர்கூட இல்லை.

இப்போது அவள் கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை. நேற்று அம்மா பாடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினாள். "விடும்மா, தொண்டை கட்டிக்கும்" என்று சின்னவள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். வேலை இருப்பதுபோல எழுந்து நான் வெளியே போய்விட்டேன்.

நீ போட்டுக் கொடுத்ததில் ஒரு குறையும் இல்லை. அதை நினைத்து மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. அவளுக்கு மட்டும் ஒரு போன் பண்ணு. பரீட்சையைப் பற்றிக் கேட்காதே. உன் ஆபீஸ், தீய்ந்துபோன உன் சமையல், எதையாவது பேசு. அவள் பதில் பேசாவிட்டாலும் சட்டென்று வைத்துவிடாதேம்மா.

நீயாவது நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா