பார்த்ததெல்லாம் சொன்னதாகுமா

கொல்லிமலை,
மார்கழி 9

அன்புள்ள கண்ணு சங்கீதாவுக்கு அம்மா எழுதுவது. பனியும் குளிருமாக இருந்தாலும் நாங்கள் இருவரும் சுகம், புனேயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க அறப்பளீஸ்வரர் துணை. மிளகு பழுக்க ஆரம்பித்துவிட்டது, மரமேறத்தான் ஆள் இல்லை. போனில் பேசாமல் காகிதம் எதற்கு என்பாய், விஷயமே அந்தப் போனைப் பற்றியதுதான், அதை வைத்துக்கொண்டே அதைப் பற்றிப் பேச மனம் வரவில்லை.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வாயும் கையும் விழுந்த பிறகு, நீ ஆடி லீவில் வந்து, கண்ணால் பார்த்தால் பேசும் போனைக் கட்டிலோடு மாட்டிவிட்டுப் போனாய். தண்ணீர் என்ற எழுத்தைப் பார்த்தால் அது தண்ணீர் என்றது. அவர் பார்த்துக்கொண்டிருக்க நம் ஆட்கள் படங்களையும் அதில் போட்டுவைத்தாய். உப்பு என்பதைப் பார்த்து என் குழம்பைக் குறை சொன்ன அன்று நான் சந்தோஷத்தில் அழுதேன். ஆனால் அவர் எந்தப் படத்தை எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்று தினமும் உனக்கு ரிப்போர்ட் வந்தது எனக்குத் தெரியாது. உன் சித்தப்பா அப்பாசாமி படத்தை நாளுக்குப் பத்து நிமிஷம் பார்க்கிறார் என்று கண்டு நீ சித்தப்பாவுக்குப் போன் போட்டாய், நல்ல மனசோடுதான் செய்தாய். வரப்பு மிளகுக்கொடியை வெட்டியதிலிருந்து ஒன்பது வருஷமாகப் பேச்சில்லாத மனுஷன் ஒரு சீப்பு மலைவாழையோடு வந்து கட்டிலோரம் நின்று, "அண்ணா, என் படத்தையே பாத்துட்டு இருக்கீங்களாமா, பாப்பா சொல்லுச்சுங்க" என்றார். உங்கப்பா கண்ணை மூடிக்கொண்டார். சித்தப்பா போகும்வரை திறக்கவில்லை. பத்து நாளாகிறது, போனை முன்னால் வைத்தாலே கண்ணை மூடிக்கொள்கிறார், கோழியைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், அதை மட்டும் பார்ப்பதில்லை. தண்ணீர்கூடக் கேட்பதில்லை, நானாகத்தான் ஊற்றுகிறேன்.

கண்ணால் காண்பதும் பொய் என்பார்கள், நீ அவர் கண்ணை வைத்தே தீர்ப்பு எழுதிவிட்டாய். தம்பி படத்தைப் பார்ப்பது ஆசையாகவும் இருக்கும் ஆத்திரமாகவும் இருக்கும், அதைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க அவருக்கு நாள் வேண்டாமா? நமக்குப் பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம், அவருக்குக் கழுத்தும் திரும்பாது. இந்த ரிப்போர்ட் போன் கம்பெனிக்கும் போகுமா என்று சித்தப்பா வந்துபோன அன்றைக்கே உன்னைக் கேட்டேன், பெயர் இல்லாமல்தான் போகும் என்றாய். பெயர் இல்லாமல் போனாலும் பார்வை அவருடையதுதானே. உன்னை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, போனை மாட்டிய அன்று அதில் சம்மதம் என்று காட்டிய இடத்தில் அவர் பெருவிரலைப் பிடித்து அழுத்தியது நான்தான், அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேற்றுக் கேட்டேன், ரிப்போர்ட்டை நிறுத்தச் சொல்லிப் பாப்பாவுக்கு எழுதட்டுமா, பேச மட்டும் போனை வைத்துக்கொள்வோமா என்று. ஒருமுறை கண்ணைச் சிமிட்டினார், போன் வருமுன் எங்களுக்குள் ஆமாம் என்பதற்கு அதுதான். அதனால் இனி அந்த ரிப்போர்ட் உனக்கும் வரக்கூடாது, கம்பெனிக்கும் போகக்கூடாது, சேர்ந்ததையும் அழித்துவிடு. முடியாதென்றால் போனைக் கழற்றிவிடுகிறேன், சிமிட்டலிலேயே காலம் தள்ளுவோம். ஆனால் உப்பைக் குறை சொல்ல ஆளில்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை, சீக்கிரம் செய் சாமி.

காலையில் வெறும் காப்பியோடு ஆபீஸுக்கு ஓடாதே, சாமை அனுப்புகிறேன், பொங்கிச் சாப்பிடு. நோய் நொடி இல்லாமல் நல்லா இரு.

மறக்காமல் ஒன்று. அழிக்கும்போது, அவர் என் படத்தை எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதும் உன் கண்ணில் படும். எனக்குச் சொல்லாதே. நாளைக்கு நானே போன் போட்டுக் கேட்டாலும் சொல்லாதே.

உன் அம்மா,
ருக்குமணி