நான்காம் பாத்திக்குச் சுண்ணாம்பு

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் நலத்தை நீ எழுதினால்தானே தெரியும்? போன கடிதத்துக்கே பதில் இல்லை. போனில் பேசு என்கிறாய். போனைக் காதில் வைத்தால் எனக்கு "ம்" தவிர வேறு வார்த்தை வராது என்பது உனக்குத் தெரியும்.

இடுப்பு ஆபரேஷனுக்காக அப்பா நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். பத்து நாள் ஆகுமாம். அத்தை கூட இருக்கிறாள். தோட்டம் என் தலையில். போகுமுன் அப்பா ஒரு பாத்தியில் எருவைக் கொட்டிக் கிளறி மூடிவிட்டார். "கோஸ் வைக்கிற பாத்திக்கு மட்டும் சுண்ணாம்பைத் தூவிடு" என்றார். எது கோஸ் பாத்தி என்று கேட்காமல் தலையை ஆட்டிவிட்டேன். நான்கு பாத்தியிலும் இந்த வருஷம் எது எங்கே இடம் மாறுகிறது என்பது உனக்கும் அவருக்கும்தான் மனப்பாடம். எழுது.

எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இன்று காலை மட்டும் நான்கு தடவை கொட்டகைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினேன். ஆறு மாதத்தில் வந்து தோட்டத்தை நானே பார்த்துக்கொள்கிறேன், அதன்பிறகு நீ பள்ளிக்கூடம் போ என்றுதான் சொல்லிவிட்டுப் போனாய். இது எட்டாவது மாதம். மாதக் கடைசி வரைதான் என் பெயர் பதிவேட்டில் இருக்குமாம், பெரிய டீச்சர் ஆள் விட்டுச் சொன்னார்.

உன் சுண்டெலி

*

பிப்ரவரி 8

சுண்டெலிக்கு,

கோபித்துக்கொள்ளாதே. தையல்கூடத்தில் தலை சொறிய நேரமில்லை. அறையும் மாறிவிட்டேன். இதில் ஜன்னல் இருக்கிறது. நீல நிறத்தில் திரை வாங்கி மாட்டினேன். கூட இருக்கும் பெண், "மகாராணி குடிவந்தாச்சு" என்று கிண்டல் செய்கிறாள்.

பாத்தி விஷயம் ஒன்றுமில்லை. முதல் பாத்தி உருளைக்கிழங்கு. இரண்டாவது கேரட். மூன்றாவது பீன்ஸ். நான்காவது கோஸ். நான்காம் பாத்திக்குச் சுண்ணாம்பு, அவ்வளவுதான். காற்று இல்லாத நேரமாகப் பார்த்துத் தூவு, மூக்கில் துணி கட்டிக்கொள்.

பள்ளிக்கூட விஷயம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வந்துவிடுகிறேன்.

அக்கா

*

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே தூவினேன். அது எரு போட்ட பாத்தியாயிற்றே என்று கை நின்றது. ஆனால் நீ எழுதியிருக்கிறாய். உனக்குத் தெரியாததா என்று மூட்டை முழுவதையும் கொட்டிக் கிளறிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கண் எரிந்து தண்ணீராகக் கொட்டியது. தெருவில் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். எனக்கு வீட்டுக்குள் ஓடி ஒளிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

அடுத்த நாள் அப்பா வந்தார். ஊன்றுகோலோடு கேட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டார்.

"எரு மேல யார் சுண்ணாம்பைக் கொட்டினது?"

"நான்தான்."

"வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

உன் பெயரை நான் சொல்லவில்லை. பார்க்க வந்த உரக்கடைக்காரர்தான் சமாதானம் செய்தார். "எருவும் சுண்ணாம்பும் மாமியார் மருமக மாதிரி. தனித்தனியா இருந்தா ரெண்டும் தங்கம். ஒரே நாள்ல ஒரே இடத்துல விட்டா எருவோட சத்தெல்லாம் வாடையாப் போயிடும். உருளையை இனிமே அதுல வைக்காதீங்க, தோல் சொறி பிடிச்சிடும்" என்றார். அப்பா சிரிக்கவில்லை.

எப்படி அக்கா தவறினாய்? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்வாயே. இன்னும் பதின்மூன்று நாள்தான் இருக்கிறது. எந்த வண்டிக்கு வருகிறாய் என்று எழுது.

சுண்டெலி

*

பிப்ரவரி 19

சுண்டெலிக்கு,

மாமியார் மருமகளைக் கூடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஒரே சிரிப்பு.

ஆனால் நான் தப்பாக எழுதவில்லை. கண்ணை மூடினால் அப்படியே தெரிகிறது. கேட்டைத் திறந்து உள்ளே வந்தால் முதலில் உருளை, அப்புறம் கேரட், பீன்ஸ், கடைசியில் சமையலறையை ஒட்டிக் கோஸ். நீதான் எங்கேயோ குழப்பிவிட்டாய்.

இந்த மாதம் வர முடியாது போலிருக்கிறது. புதிதாக வந்த ஆறு பேருக்கு வேலை சொல்லிக் கொடுக்க என்னைப் போட்டிருக்கிறார்கள். ஏப்ரலில் பார்க்கலாம். அப்பாவைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டருகே போய் நின்று எண்ணினேன். நீ எழுதியது சரிதான். அங்கிருந்து பார்த்தால் கோஸ் நான்காவது.

நாங்கள் சமையலறைக் கதவிலிருந்து எண்ணுகிறோம் அக்கா; அப்படி எண்ணினால் நான்காவது, கேட்டை ஒட்டிய உருளைப் பாத்தி. மண்வெட்டியோடு அங்கிருந்துதானே இறங்குகிறோம். முன்பெல்லாம் நீயும் அப்படித்தான் எண்ணுவாய். இப்போது உனக்குத் தோட்டம் தெருவிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி ஞாபகம் இருக்கிறது. அதில் தப்பு ஒன்றுமில்லை. எனக்குத்தான் புரிய நாளாகிவிட்டது. அன்று முழுக்க வீட்டுக்கும் கேட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அலுவலக வாசலில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியவில்லை. "யாரைப் பாக்கணும்?" என்று ஓர் அம்மா கேட்டார். சொன்னேன். குரல் வெளியே வந்தது, எனக்கே ஆச்சரியம். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள். என்னைவிட ஒரு வயது சின்னவர்களோடு உட்கார வேண்டும்.

சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். "அப்போ தோட்டம்?" என்றார்.

"நடுவுல ரெண்டு பாத்தியைப் பக்கத்து வீட்டுத் தச்சர் பாத்துக்கறாராம். விளையறதுல பாதி அவருக்கு. மத்த ரெண்டும் நான் காலையில பாத்துக்கறேன்."

"பேசி முடிச்சிட்டியா?"

"ம்."

"இப்ப மட்டும் வாய் வந்துச்சா?" என்றார். பிறகு கேட் பக்கம் கோஸை வைத்து, சமையலறைப் பக்கம் புது எரு போட்டு உருளையை வைக்கலாம் என்று அவரே சொன்னார். தச்சர் நான்கு தள்ளுவண்டி எரு கொண்டுவந்து கொட்டினார்.

உனக்கு அந்த வேலை பிடித்திருந்தால் அங்கேயே இரு. ஏப்ரலில் வருவதாக இருந்தால் முன்னாடியே எழுதிவிட்டு வா. உன் கட்டில் முழுக்க என் புத்தகங்களைப் பரப்பி வைத்திருக்கிறேன். எடுத்து ஒதுக்கிவைக்க எனக்கு ஒரு நாளாவது வேண்டும்.

தங்கை